நஞ்சும் வாய்மையும்: டோரதி சேயர்சும் ஹாரியட் வேனும்

துப்பறியும் கதை ஆங்கிலத்தில் தனியோர் இலக்கிய வகையாக வளர்ந்த காலத்தில் அதன் தலைமை மாந்தர் பெரும்பாலும் ஆடவராகவே இருந்தனர். கொலையுண்டவளாகவோ, அஞ்சி நடுங்கி உதவி நாடி வருபவளாகவோ, நஞ்சு கலந்த கொடியவளாகவோ பெண் அக்கதைகளில் இடம் பெற்றாள். கொலைக் குற்றம் சாட்டப்பெற்றுத் தூக்குமேடையின் நிழலில் நின்ற ஒருத்தி, அங்கிருந்து மீண்டெழுந்து, தன் அறிவாலும் நெஞ்சுரத்தாலும் பிறர் செய்த குற்றத்தை ஆராயும் நிலைக்கு உயர்வது அவ்வகைக்குப் புதிது. 1930ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்ட்ராங் பாய்சன்' (கொடும் நஞ்சு) என்னும் புதினத்தில் அறிமுகமான ஹாரியட் வேன் அத்தகைய தலைவி ஆவாள். அவளைப் படைத்தவர் டோரதி எல். சேயர்ஸ் (1893 - 1957).

உண்மையை எதன்பொருட்டும் மறைத்தல் தகாது என்பதை உயிர்நாடியாகக் கொண்ட புதினத்தை எழுதியவர், தம் வாழ்வின் மிகப் பெரிய உண்மை ஒன்றை ஏறத்தாழ முப்பத்து நான்கு ஆண்டுகள் மறைத்து வாழ்ந்தார். இம்முரணை நோக்கும்போதே அவர்தம் வாழ்வும் அவர் படைத்த தலைவியின் அறச்சோதனையும் ஒன்றையொன்று விளக்கி நிற்பது புலனாகும்.

பிறப்பும் கல்வியும்

டோரதி 1893ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தையார் ஹென்றி சேயர்ஸ் ஆங்கிலத் திருச்சபையின் குருவானவர். அந்நகரின் கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தைச் சார்ந்த பாடகர் பள்ளியின் தலைமையாசிரியராகவும் விளங்கியவர். தாயார் ஹெலன் மேரி. அவர்களுக்கு டோரதி ஒரே மகள். குழந்தைக்கு நான்கு வயதானபோது, தந்தையார் கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலப் பகுதியில் உள்ள ப்ளண்டிஷம் என்னும் சிற்றூரின் ஆலயப் பொறுப்பை ஏற்றார். ஏழு வயது நிறைவதற்குள்ளாகவே மகளுக்கு இலத்தீன் கற்பிக்கத் தொடங்கினார் அவர். கால்வாய்களும் வெள்ளமும் நிறைந்த அந்நிலமும், ஆலய மணிகளின் ஒலியும் மகளின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. 1934இல் வெளிவந்த 'தி நைன் டெய்லர்ஸ்' என்னும் புதினத்திற்கு அவையே களமாயின.

1909இல் சாலிஸ்பரி நகரின் கொடால்பின் பள்ளியில் சேர்ந்த டோரதி, 1912இல் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டின் சோமர்வில் மகளிர் கல்லூரியில் நுழைந்தார். 1915இல் முதல் வகுப்பில் தேறினார்; இடைக்காலப் பிரெஞ்சு இலக்கியம் அவருடைய சிறப்புத் துறை. ஆயினும் பட்டம் கிடைக்கவில்லை. பெண்கள் பாடம் கேட்கலாம், தேர்வு எழுதலாம், முதல் வகுப்பும் பெறலாம். பட்டம் மட்டும் பெறுதற்கில்லை என்பது அப்பல்கலைக்கழகத்தின் அந்நாளைய விதி. 1920ஆம் ஆண்டு அக்டோபரில் அவ்விதி தளர்ந்தபோது, ஆக்ஸ்போர்டில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற பெண்களுள் ஒருவராக டோரதி நின்றார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கியது 1948இல்தான் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. உழைத்துப் பெற்றதற்கு ஐந்தாண்டு காத்திருந்த அப்பெண், கல்வியின் நேர்மையை வாழ்நாள் முழுவதும் புனிதமாகப் போற்றியதில் வியப்பில்லை.

பிழைப்பும் எழுத்தும்

படித்த பெண்ணுக்கு அந்நாளில் திறந்திருந்த வாயில்கள் சிலவே. ஹல் நகரப் பெண்கள் பள்ளியில் ஆசிரியப் பணி, ஆக்ஸ்போர்டின் பிளாக்வெல் பதிப்பகத்தில் பயிற்சி, பிரான்சு நாட்டுப் பள்ளி ஒன்றில் அலுவல் என அவர் மாறிமாறி உழைத்தார். 1916இல் கவிதை நூல் ஒன்றும் வெளியாயிற்று. கவிதை சோறு போடவில்லை. இலண்டன் சேர்ந்து, 1922இல் பென்சன் என்னும் விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதுபவராக அமர்ந்தார். கோல்மன் கடுகுத்தூளுக்காக அந்நிறுவனம் நடத்திய 'மஸ்டர்ட் கிளப்' விளம்பரத் தொடர் நாடெங்கும் பேசப்பட்டது. அதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1931 வரை அப்பணி நீடித்தது.

1923இல் முதல் துப்பறியும் புதினமாகிய 'ஹூஸ் பாடி?' அச்சேறியது. குளியல் தொட்டியில் ஆடையின்றி, மூக்குக்கண்ணாடி மட்டும் அணிந்து கிடக்கும் ஒரு பிணத்துடன் தொடங்கும் அக்கதையில், பீட்டர் விம்சி பிரபு என்னும் செல்வந்தத் துப்பறிவாளர் அறிமுகமானார். கவலையற்ற பேச்சும், அதனுள்ளே முதல் உலகப்போர் விட்டுச்சென்ற ஆறாத மனப்புண்ணும் உடையவர் அவர். அப்பாத்திரம் வாசகரைக் கவர்ந்தது. ஆனால் அந்நூல் வெளிவந்த அதே ஆண்டில் ஆசிரியரின் சொந்த வாழ்வு வேறொரு திசையில் சென்றுகொண்டிருந்தது.

மறைத்து வைத்த மகன்

உருசியாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஜான் கோர்னோஸ் என்னும் எழுத்தாளரை டோரதி உளமாரக் காதலித்தார். திருமணம் தம் கொள்கைக்கு ஒவ்வாதது என்றார் அவர்; திருமணமின்றிக் கூடி வாழ டோரதி இசையவில்லை. உறவு முறிந்தது. பின்னர் அதே கோர்னோஸ் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். கொள்கை என்று சொல்லப்பட்டது ஒரு சாக்கு என்பதை அப்போதுதான் டோரதி உணர்ந்தார். இதற்கிடையே, மணம் கொள்ளும் நிலையில் இல்லாத மற்றொருவருடன் ஏற்பட்ட நட்பின் விளைவாக அவர் கருவுற்றார்.

மணமாகாத தாய் என்னும் பெயர் அக்கால இங்கிலாந்தில் வேலையையும் மதிப்பையும் ஒருங்கே அழிக்கவல்லது. தந்தையார் குருவானவர், பெற்றோர் இருவரும் முதுமையை நெருங்கியவர்கள். டோரதி எவரிடமும் சொல்லவில்லை. உடல்நலமில்லை எனக் கூறி அலுவலகத்தில் விடுப்புப் பெற்று, தென்கடற்கரை ஊர் ஒன்றில் 1924ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் ஆண் மகவை ஈன்றார். பிறர் குழந்தைகளை வளர்ப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த தம் உறவுமுறைச் சகோதரிக்கு, யாரோ ஒரு தோழியின் குழந்தைக்கு இடம் கேட்பது போன்று முதலில் கடிதம் எழுதினார். அவர் இசைந்த பின்னரே குழந்தை தம்முடையது என்பதை வெளியிட்டு, எவரிடமும் சொல்லலாகாது என்று வேண்டிக்கொண்டார். குழந்தையை ஒப்படைத்துவிட்டு அலுவலக மேசைக்குத் திரும்பினார்.

குற்றக்கதை ஆசிரியர் ஒருவர் தீட்டும் திட்டம் போன்றே இருக்கிறது இது: பொய்க் காரணம், வேற்றூர், இரு கடிதங்கள், வாய் திறவாத ஒரே சாட்சி. குற்றம் ஏதும் இல்லாத இடத்தில் குற்றவாளிக்குரிய மறைப்பு அனைத்தையும் செய்ய நேர்ந்ததே அதன் துயரம். தத்தெடுத்தலுக்குரிய சட்டம் இங்கிலாந்தில் இயற்றப்பட்டதே 1926இல்தான். அதற்கு முன்னர் இத்தகைய ஏற்பாடுகள் சொந்தபந்தங்களின் நம்பிக்கையில் நின்றவையே. மகனின் செலவு முழுவதையும் டோரதி தம் உழைப்பால் ஏற்றார். 1926இல் அவர் மணந்துகொண்ட ஃபிளெமிங் என்னும் பத்திரிகையாளர் இச்செய்தியை அறிந்திருந்தார். 1930களின் நடுவில் சிறுவனுக்குத் தம் குடும்பப் பெயரையும் அளித்தார். ஆயினும் மகன் அவர்களுடன் வந்து வாழவில்லை. 1928இல் தந்தையும் அடுத்த ஆண்டில் தாயும் மறைந்தனர். தமக்கு ஒரு பேரன் உண்டென்பதை அவ்விருவரும் இறுதிவரை அறியவில்லை.

குற்றக் கூண்டில் ஒரு தலைவி

பெற்றோர் இருவரும் மறைந்த பின்னர், 1930இல் 'ஸ்ட்ராங் பாய்சன்' வெளிவந்தது. நீதிபதி சான்றுகளைத் தொகுத்துரைக்கும் காட்சியுடன் தொடங்குகிறது அப்புதினம். ஹாரியட் வேன் துப்பறியும் கதை எழுதிப் பிழைப்பவள். திருமணத்தில் நம்பிக்கையில்லை என்று சொன்ன எழுத்தாளன் ஒருவனுடன், தன் மனச்சான்றுக்கு மாறாகவே, கூடி வாழ்ந்தவள். பின்னர் அவனே மணந்துகொள்ள முன்வந்தபோது, தன் காதலுக்குச் சோதனை வைத்துத் தேர்வு பார்த்திருக்கிறான் என்று வெகுண்டு பிரிந்தவள். அவன் ஆர்செனிக் நஞ்சால் இறக்கிறான். தான் எழுதும் கதைக்காகப் பொய்ப்பெயரில் ஆர்செனிக் வாங்கியிருந்த ஹாரியட்மீது பழி விழுகிறது.

கோர்னோசின் கதையும் டோரதியின் கதையும் இங்கு உருமாறி நிற்பதை அறிதல் எளிது. ஆயின் வாழ்வில் மறுத்ததைக் கதையில் இசையவைத்து, அதன் விலை யாதெனக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார் ஆசிரியர். விசாரணைக் கூடத்தில் ஆராயப்படுவது நஞ்சு மட்டுமன்று, ஹாரியட்டின் ஒழுக்கமும்தான். மணமின்றி வாழத் துணிந்தவள் கொலைக்கும் துணிவாள் என்னும் எண்ணம் அக்கூடம் முழுவதும் பரவிக் கிடக்கிறது. இது வெறுங்கற்பனை எனத் தள்ளத்தக்கதன்று. 1923ஆம் ஆண்டு ஜனவரியில் இலண்டனில் தூக்கிலிடப்பெற்ற எடித் தாம்சன் என்னும் பெண், தன் கணவனைக் காதலன் கொன்ற வழக்கில், தான் எழுதிய காதல் கடிதங்களாலேயே பெரிதும் தண்டிக்கப்பட்டாள். அவ்வழக்கையே கருவாகக் கொண்டு 'தி டாக்குமெண்ட்ஸ் இன் தி கேஸ்' என்னும் புதினத்தை மற்றோர் ஆசிரியருடன் இணைந்து டோரதி எழுதியதும் அதே 1930இல்தான்.

கதையில் ஜூரிகளின் கருத்து பிளவுபடுகிறது. ஒத்துக்கொள்ள மறுத்து நிற்பவர்களுள் முதன்மையானவர் மணமாகாத முதிய பெண்மணி ஒருவர். பெண்கள் ஜூரிகளாக அமரும் உரிமை 1919ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிடைத்தது என்பதை நினைத்தால், ஒரு பெண்ணின் உயிரை மற்றொரு பெண்ணின் பிடிவாதம் காப்பதன் பொருள் தெளிவாகும். வழக்கு மறுவிசாரணைக்குச் செல்லும் இடைவெளியில் விம்சி பிரபு உண்மையைக் கண்டறிகிறார். ஒரே உணவை இருவர் உண்டிருக்க ஒருவர் மட்டும் மாண்டது எங்ஙனம் என்பதே புதிரின் முடிச்சு. அம்முடிச்சு அவிழும் வகையில் நஞ்சியல் பற்றிய டோரதியின் உழைப்பும் புலப்படுகிறது.

விம்சிக்கு மணம் முடித்து வைத்து, அப்பாத்திரத்திற்கு விடைகொடுத்துவிடலாம் என்னும் திட்டத்துடனேயே இப்புதினத்தைத் தொடங்கியதாக டோரதி பின்னாளில் விளக்கியுள்ளார். ஆனால் தலைவி இணங்கவில்லை. உயிரைக் காத்தவனுக்கு நன்றிக்கடனாகத் தன்னையே தருவது ஹாரியட்டின் தன்மதிப்புக்கு ஒவ்வாது என்பதை எழுதும்போதே ஆசிரியர் உணர்ந்தார். காப்பாற்றப்பட்டவள் காப்பாற்றியவனைக் கைப்பிடிப்பது மர்மக்கதையின் வழக்கமான முடிபு. இங்கோ அவள் விலகிச் செல்கிறாள். அந்த மறுப்பு கதையுலகில் ஐந்தாண்டுக் காலம் நீள்கிறது.

அடுத்து 1932இல் வந்த 'ஹேவ் ஹிஸ் கார்கஸ்' புதினத்தில் ஹாரியட் தனியே கடற்கரையோரம் நடைப்பயணம் செல்கிறாள். பாறையொன்றின்மீது கழுத்தறுபட்ட உடலைக் காண்கிறாள். அலறவில்லை, மயங்கி விழவுமில்லை. கடல் ஏற்றத்தில் உடல் அடித்துச் செல்லப்படும் என்பதை உணர்ந்து, ஒளிப்படம் எடுக்கிறாள். சான்றாக உதவக்கூடிய பொருள்களை எடுத்துக்கொள்கிறாள். ஒருமுறை கொலைவழக்கில் நின்றவள் பிணத்தைக் கண்டெடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்பதை அவள் நன்கறிவாள். அறிந்தும் ஒளிந்துகொள்ளாமல் செய்தித்தாளுக்குத் தானே செய்தி தருகிறாள். அச்சத்தை அடக்கிக்கொண்டு செய்யவேண்டியதைச் செய்யும் இத்திண்மையே அவளுடைய வீரம்.

வாய்மையின் விலை

இத்தலைவியின் கடும் சோதனை 1935இல் வெளிவந்த 'காடி நைட்' புதினத்தில் அமைகிறது. காடி என்பது ஆக்ஸ்போர்டுக் கல்லூரிகளில் பழைய மாணவர்கள் ஒன்றுகூடும் விருந்து நாளாகும். தான் பயின்ற மகளிர் கல்லூரிக்கு, பழிச்சொல்லைச் சுமந்துகொண்டு, தயக்கத்துடன் திரும்புகிறாள் ஹாரியட். அக்கல்லூரியில் மொட்டைக் கடிதங்கள் உலவுகின்றன. கையெழுத்துப்படி ஒன்று சிதைக்கப்படுகிறது. மாணவி ஒருத்தி சாவின் விளிம்புவரை தள்ளப்படுகிறாள். கொலை நிகழாமலேயே நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு அச்சம் குறையாமல் செல்லும் மர்மப் புதினம் அது. செய்தி வெளியே கசிந்தால் பெண்கல்விக்கே இழுக்கு என அஞ்சும் பேராசிரியைகள், உண்மையைக் கண்டறியும் பொறுப்பை ஹாரியட்டிடம் ஒப்படைக்கின்றனர்.

புதிரின் வேர் ஓர் ஆய்வேட்டில் இருக்கிறது. தன் முடிவுக்கு மாறான சான்று கிடைத்தும் அதை மறைத்து ஆய்வேடு அளித்தான் ஒருவன். பேராசிரியை ஒருவர் அதை வெளிப்படுத்தினார். அவன் வாழ்வு சரிந்தது, உயிரையும் மாய்த்துக்கொண்டான். அவன் மனைவி கல்லூரிப் பணிப்பெண்ணாகி, பழிவாங்கக் காத்திருந்தாள். ஒரு தாளில் உள்ள உண்மை பெரிதா, ஒரு குடும்பத்தின் சோறு பெரிதா என்று அவள் இறுதியில் பேராசிரியைகளின் முகத்துக்கு நேரே கேட்கிறாள். ஆய்வில் பொய் கலந்தவனை மன்னிக்க இயலாது என்னும் நிலையிலிருந்து புதினம் வழுவவில்லை. எனினும் அப்பெண்ணின் வாதம் எள்ளி நகையாடப்படவில்லை. அதன் முழு வன்மையும் வாசகர் நெஞ்சில் இறங்கும்படியே அமைக்கப்பட்டுள்ளது.

அப்பெண்ணுக்கு இரு மகளிர். தாய் வேலை பார்க்க வேண்டியிருப்பதால் அவர்கள் வேறொருவர் வீட்டில் வளர்கின்றனர். இந்தச் சிறு செய்தியை, டோரதியின் வாழ்வை அறிந்த பின்னர் எளிதில் கடந்து செல்ல இயலாது. புதினம் எழுதப்பட்ட நாளில் அவருடைய மகனும் வேறொரு வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தான். அறிவின் நேர்மையை ஹாரியட்டிடமும் பேராசிரியைகளிடமும் தந்த ஆசிரியர், குழந்தையைப் பிரிந்து உழைக்கும் தாயின் நிலையை அவர்களுக்கு எதிராக நிற்பவளிடம் தந்தார். இதனைத் தன்வரலாறு என்று கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும் வழக்கின் இரு பக்கத்தையும் உள்ளிருந்து அறிந்த ஒருவரின் எழுத்து இது என்பதில் ஐயமில்லை. புதினத்தின் முடிவில் ஹாரியட் விம்சியை ஏற்கிறாள். நன்றிக்கடன் தீர்ந்து, சமமானவர்களாக இருவரும் நிற்க முடிந்த பின்னரே அது நிகழ்கிறது.

பிற்காலப் பணிகள்

1937இல் வந்த 'பஸ்மன்ஸ் ஹனிமூன்' அவர் முடித்த இறுதி விம்சி புதினம். அதன்பின் சமய நாடகத்துறையில் அவர் உழைப்பு சென்றது. 1941, 1942ஆம் ஆண்டுகளில் பி.பி.சி. வானொலி ஒலிபரப்பிய 'தி மேன் பார்ன் டு பி கிங்' என்னும் பன்னிரு நாடகத் தொடர், இயேசுவின் குரலை ஒரு நடிகர் பேசுவதா, திருத்தூதர்கள் தெருப்பேச்சுப் பேசுவதா எனப் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அவர் பணியவில்லை. 1943இல் கான்டர்பரிப் பேராயர் வில்லியம் டெம்பிள் இறையியல் முனைவர் பட்டம் வழங்க முன்வந்தபோது அதனை மறுத்துவிட்டார். பழைய இரகசியம் வெளிப்பட்டால் திருச்சபைக்கு இழுக்காகும் என்னும் எண்ணமும் அம்மறுப்பில் இருந்திருக்கலாம் என்பர்.

1944இல் விமானத் தாக்குதலின்போது பதுங்கிடம் நோக்கி விரைந்தவர், கையில் எடுத்துச் சென்றது தாந்தேயின் காவியத்தை. அன்று தொடங்கிய ஈடுபாடு எஞ்சிய வாழ்நாளை ஆட்கொண்டது. மூலத்தின் யாப்பமைதி கெடாமல் நரகப் பகுதியை 1949இலும், தூய்மைபெறு மலைப் பகுதியை 1955இலும் மொழிபெயர்த்து வெளியிட்டார். துறக்கப் பகுதியைத் தோழி பார்பரா ரெனால்ட்ஸ் நிறைவுசெய்து 1962இல் வெளியிட்டார். 1930இல் தோன்றிய துப்பறியும் எழுத்தாளர் சங்கத்தின் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவரான டோரதி, 1949 முதல் இறுதிவரை அதன் தலைவராகவும் இருந்தார். வாசகருக்குத் துப்பு எதையும் மறைக்கலாகாது என்பது அச்சங்கத்தார் ஏற்ற உறுதிமொழிகளுள் ஒன்று.

1957 டிசம்பர் 17ஆம் நாள், இலண்டனில் கிறிஸ்துமஸ் பொருள்கள் வாங்கித் திரும்பிய அவர், எசெக்ஸ் பகுதியில் விட்டம் என்னும் ஊரிலிருந்த தம் இல்லத்தில் மாரடைப்பால் மறைந்தார். அவர் சொத்து மகனுக்கே சேர்ந்தது. 1975இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு ஒன்றின் வழியாகவே உலகம் அம்மகனைப் பற்றி அறிந்தது.

மதிப்பீடு

குறைகளும் உள. உயர்குடியினர்பால் அளவிறந்த பரிவும், யூதர் குறித்து அக்கால ஆங்கிலேயரிடம் மலிந்திருந்த இளக்காரமும் அவர் நூல்களில் ஆங்காங்கே தலைகாட்டுகின்றன. இன்றைய வாசகருக்கு அவை உறுத்தும். அவற்றைக் கடந்தும் நிலைத்து நிற்பவள் ஹாரியட் வேன்.

டோரதி மறைத்த உண்மையால் எவரும் ஏமாற்றப்பட்டுப் பொருள் இழக்கவில்லை. தீங்கு பயவாமையையே வாய்மைக்கு இலக்கணமாக வகுத்த வள்ளுவரைப் பயின்றோர், அம்மறைப்பைப் பொய் என்று எளிதில் தள்ளிவிடமாட்டார்கள். முதிய பெற்றோரின் அமைதியையும், மகனின் உணவையும் கல்வியையும் அது காத்தது. ஆனால் தாயை அருகிருந்து அழைக்கும் வாய்ப்பை அம்மகன் இழந்தான்; அவ்விழப்பு கணக்கில் வராததன்று. ஊருக்குத் தெரிந்துவிட்ட பழியுடன் தலைநிமிர்ந்து நடக்கும் ஒரு பெண்ணை அவர் ஏன் மீண்டும் மீண்டும் எழுதினார் என்பதற்கு விடை இங்கிருக்கிறது. தம் வாழ்வில் மூடிவைக்க நேர்ந்ததைத் திறந்துவைத்துக்கொண்டு வாழ்பவளாக ஹாரியட்டை அவர் படைத்தார். கொலையாளி யார் என்பது தெரிந்த பின்னும் அந்நூல்கள் மறுமுறை படிக்கப்படுவதற்கு அதுவே காரணம்.